பன்னிரண்டில் இரண்டு

கிளாரினெட் ஊதுகிறவன் கடைக்குப் போய்ச் சீவாளி வாங்கினால் யாரும் வாயைத் திறப்பதில்லை. சாக்ஸபோன்காரன் பெட்டி பெட்டியாக வாங்குகிறான், அவனையும் யாரும் கேட்பதில்லை. ஓபோ ஊதுகிறவர்கள் மட்டும் தாங்களே நாணல் வாங்கி, தாங்களே பிளந்து, தாங்களே சீவி, தாங்களே நூல் சுற்றிக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் குலம் கெட்டுப்போகும். இந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டில் அவனுக்குச் சமைத்துப் போட இன்னொருத்தி இருந்திருப்பாள் என்று அவள் சொல்வாள்.

நகர இசைக்குழுவில் அவள் இரண்டாவது ஓபோ. வயது ஐம்பத்து மூன்று. முதல் நாற்காலியில் இருப்பவரைக் குழுவில் எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள், இவளைச் 'சின்னக்கா' என்பார்கள். பெரியவர் இவளைவிட ஒன்பது வயது சின்னவர். நாற்காலிக்குக் கிடைக்கிற மரியாதை நரைத்த தலைக்கு எங்கே கிடைக்கிறது?

ஓபோ என்பது கைநீளத்துக்குக் கொஞ்சம் குறைவான கறுப்புக் குழல். அதன் உச்சியில் செருகுகிற சீவாளிதான் அதற்கு உயிர். சின்ன உலோகக் குழாயின்மேல் இரண்டு நாணல் பட்டைகளை எதிரெதிராக வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நுனி வெங்காயத்தோல் மாதிரி மெலிந்திருக்கும். சீவல் ஒரு மயிரிழை கூடிப்போனால் சுரம் கீச்சிடும், குறைந்துபோனால் ஊதுகிறவளின் கண் பிதுங்கும். ஒரு நல்ல சீவாளி மூன்று வாரம் உழைத்தால் அதிகம். பிறகு அது குப்பை.

அவளும் சீவிப் பார்க்காதவள் இல்லை. இளவயதில் ஆறு வருஷம் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். வரவில்லை. கட்டை விரலில் மூன்று வெட்டுத் தழும்புகள் வந்தன, சீவாளி வரவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் படுக்கையில் விழுந்தார். பகலில் ஒத்திகை, சாயங்காலம் குழந்தைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுப்பது, நடுவில் மாமியாருக்குக் கஞ்சி, குளியல், மருந்து. ஒருநாள் கத்தியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினவள் பிறகு திறக்கவே இல்லை. யாராவது கேட்டால், "தையல்காரன் ஊசியை அவனே அடிச்சா செய்றான்? தைக்கத் தெரியுதான்னு பாருங்க" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பெரியவர் சிரிக்க மாட்டார். அவர் பரிதாபப்படுவார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாவம், அக்கா கடையில வாங்கி ஊதறாங்க. அதை வெச்சுக்கிட்டு இவ்வளவு வாசிக்கிறதே பெரிசு" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவள் காதுபடவே சொல்வார். சொல்லும்போது வாயில் எப்போதும் இருக்கிற புதினா மிட்டாய் பல்லில் பட்டு டக் என்று சத்தம் கேட்கும். அவருடைய சீவாளிகளில் நூல்மேல் கருஞ்சிவப்பாக நகப்பூச்சு பூசியிருக்கும். நூல் நெகிழாமல் இருக்க ஓபோக்காரர்கள் அப்படிப் பூசுவது உண்டு. "நானே சீவி, நானே கட்டி, நானே பூசினது" என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்.

கடையில் வாங்குவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை வாத்தியக் கடைக்கு ஒரு பெட்டி வரும். எங்கோ தொலைவில் இருக்கிற ஒருவர் கட்டியனுப்புகிற சீவாளிகள். அவரை அவள் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. நீல நூல் சுற்றியிருப்பார், ஆகவே அவளுக்கு அவர் 'நீல நூல்காரர்'. பெட்டிக்குப் பன்னிரண்டு இருக்கும். இருபது வருஷ அனுபவத்தில் அவள் கண்ட கணக்கு ஒன்றுண்டு. பன்னிரண்டில் இரண்டு தங்கம். நாலு ஒப்பேற்றலாம். மீதி ஆறு பல் குத்தத்தான் ஆகும். இது நீல நூல்காரரின் குற்றம் இல்லை. நாணல் என்பது புல். புல்லுக்கு யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

அவள் பெட்டியோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாக ஊறவைப்பாள். சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதினால் காக்கை கரைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தக் கரைச்சலிலேயே அதன் ஜாதகம் தெரிந்துவிடும். சமையலறை மேடைமேல் மூன்று வரிசையாக அடுக்குவாள். கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டு ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்தபடியே, "இந்த மாசம் காக்கா எத்தனை, குயில் எத்தனை?" என்று குரல் கொடுப்பார்.

"ரெண்டு குயில்" என்பாள். எப்போதும் இரண்டுதான்.

போன வருஷம் குயில் நின்றுபோனது.

முதல் மாதம் ஒன்றும் தேறவில்லை. சரி, நீல நூல்காரருக்கு உடம்புக்கு என்னவோ என்று விட்டுவிட்டாள். இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் ஒப்பேற்றுகிற நாலில் ஒன்றை வைத்து ஊதியபோது, மெல்லிசாக எழ வேண்டிய கீழ் சுரம் ஒன்று மேடையில் பட்டென்று வெடித்தது. சபையில் முதல் வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். குழுவை நடத்துகிறவர் கோலை நிறுத்தவில்லை, ஆனால் இவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் அவரைக் கோல்காரர் என்பார்கள். கோலால் ஆளை அடித்ததில்லை, பார்வையால் அடிப்பார்.

அப்போதே சீவாளிமேல் பழியைப் போட்டிருக்கலாம். எந்த வாயால் போடுவது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரே சொல்லுமே. அதுவும் கடையில் வாங்குகிறவள். ஆகவே அவள் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். வயதாகிவிட்டது, மூச்சு குறைந்துவிட்டது, உதடு தளர்ந்துவிட்டது. மருத்துவரிடம் போனாள். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்றார், அவள் நம்பவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடந்தாள். மூச்சைப் பிடித்து வைத்து எண்ணினாள். எண்ணிக்கை குறையவே இல்லை, அதையும் நம்பவில்லை.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய் மன்னிப்புக் கேட்டாள். புல்லாங்குழல்காரியிடம், "மன்னிச்சுக்கோம்மா, என்னால உன் தனி வாசிப்பு கெட்டுப்போச்சு." பஸூன் என்கிற பெருங்குழலை ஊதுகிற பெருங்குழல்காரரிடம், "இன்னிக்கு மூச்சு சரியில்லண்ணே, மன்னிச்சுக்குங்க." செல்லோ வாசிக்கிற இரட்டையர்களிடம், கொம்பு ஊதுகிற நாலு பேரிடம், கோல்காரரிடம் மூன்று முறை. பெரியவரிடம் எத்தனை முறை கேட்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டி, "வயசாகுறது யாருக்குத்தான் இல்லக்கா" என்றார்.

கடைசியில் அவளே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். மெல்லிய கீழ் சுரங்கள் வருகிற இடங்களைத் தனக்குக் கொடுக்க வேண்டாம் என்று. பதில் பத்தே நாளில் வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி பரிசோதனை வாசிப்பு. தேறினால் நாற்காலி தொடரும். இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் சுரத்தாள்களை அடுக்குகிற அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை அது. மேலே எழுபது சொச்சம் பேர் வாசிப்பது கூரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"அங்க உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டு இருக்கறதுக்கு நான் காது செவிடாப் போயிடலாம்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் கடிகாரத்தின் முள்ளை இடுக்கியில் பிடித்தபடியே, "தேறிடுவே" என்றார். எதை வைத்துச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அந்த மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, பரிசோதனைக்குப் பதினாலு நாள் இருக்கையில், வழக்கமாக ஒத்திகை முடிந்து கடைக்குப் போகிறவள் அன்று பதற்றத்தில் காலையிலேயே போய்ப் பெட்டியை வாங்கிவந்து கிண்ணத்துத் தண்ணீரில் முதல் சீவாளியை ஊறப்போட்டாள். எடுத்து உதட்டில் வைத்தாள். நாணலின் வைக்கோல் சுவை வரவேண்டிய இடத்தில் புதினா வந்தது.

துப்பினாள். இரண்டாவதை எடுத்தாள், ஊறவைக்காமலே நாக்கில் தொட்டுப் பார்த்தாள். புதினா. மூன்றாவது, நாலாவது, பன்னிரண்டாவது வரை. பன்னிரண்டு புத்தம்புதுச் சீவாளியும் ஒருவன் வாய்க்குள் போய்வந்த எச்சில். அது யாருடைய வாய் என்று கேட்கத் தேவையில்லை. பதினோரு வருஷமாக அந்தப் புதினா அவளுடைய இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதே கடைவாசலில்தான் தெரிந்தது.

"இது புதுப் பெட்டியா?"

"புதுசுதான் மேடம். காலைலதான் வந்துச்சு" என்றான் கடைக்காரன்.

"வாயைத் திற."

"மேடம்?"

"திறடா. இதுல ஒண்ணை வாயில வெச்சுப் பாரு. என்ன ருசின்னு சொல்லு."

கடையில் கிடார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்ப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். கடைக்காரன் குரலை இறக்கினான். "மெதுவாப் பேசுங்க மேடம். பெரியவர் சார் காலைல கடை திறக்கும்போதே வந்துடுவார். அவர்கிட்ட படிக்கிற பசங்களுக்கு வேணும்னு எல்லாத்தையும் ஊதிப் பார்த்து ரெண்டு மூணு எடுத்துக்குவார். குறையறதுக்குப் பழசிலேர்ந்து அவர் ஊதிப் பார்த்துக் கழிச்சதை எடுத்து வெச்சு பெட்டியை ரொப்பிடுவோம். ஒரு வருஷமா இப்படித்தான். பெரிய மனுஷர், வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"நான் சின்ன மனுஷி. என்கிட்ட எதையும் சொல்ல வேணாம், இல்ல?"

"நீங்க கேக்கலையே மேடம்."

அந்தப் பதிலுக்கு அவள் கடைக்காரனின் முகத்தில் பெட்டியை விட்டெறியவில்லை. அது அவளுடைய நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெட்டிக்குக் காசு கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். அடுத்த பெட்டி எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றான். பரிசோதனைக்குப் பிறகு.

மறுநாள் ஒத்திகைக்கு முன்னால் பெரியவரை நடைகூடத்தில் பிடித்தாள். "என் பெட்டியில உங்க எச்சில் இருக்கு சார்."

ஒரு நொடி மிட்டாய் சத்தம் நின்றது. பிறகு அதே பரிதாபச் சிரிப்பு. "பசங்களுக்குத்தானேக்கா. ஆரம்பத்துல அவங்களால சீவ முடியாது. உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நான் நினைக்கல. ஒண்ணு பண்றேன். நானே ஒண்ணு சீவித் தரேன். இருபதாம் தேதிக்கு அதை வெச்சு வாசிங்க. அப்புறமாச்சும் கையால சீவினதுக்கும் கடைச் சரக்குக்கும் என்ன வித்தியாசம்னு உங்களுக்குத் தெரியட்டும்."

வேண்டாம் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. கீழ்த்தளத்து அறை ஞாபகம் வந்தது. "சரி" என்றாள். அந்தச் சரியைச் சொன்னதற்காக ராத்திரி சோறு இறங்கவில்லை.

பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கருஞ்சிவப்பு நகப்பூச்சு பளபளத்தது. "பத்திரமா வெச்சுக்குங்க. ரெண்டு ராத்திரி வேலை" என்றார்.

வீட்டுக்கு வந்து ஊறவைத்து, ஓபோவில் செருகி, அந்தக் கீழ் சுரத்தை எடுத்தாள். ஒரு வருஷமாக வெடித்து வெடித்து மானத்தை வாங்கிய அதே சுரம் ஒன்றுமே நடக்காத மாதிரி மெல்லிசாக எழுந்தது. இன்னும் மெல்லிசாக ஊதினாள், நின்றது. மூச்சுக்காற்று அளவுக்குக் குறைத்தாள், அப்போதும் உடையாமல் நின்றது. முன்னறையில் இடுக்கியின் சத்தம் நின்றது. கணவர் வாசற்படிக்கு வந்து, "இதுதான் உன் சத்தம்" என்றார்.

அவள் மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள். ஆனால் உதடு வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் ஒரே ஆள் கட்டினதை வாயில் வைத்த உதடு அது. நீல நூல்காரர் எதைச் சீவினாலும் இடது ஓரத்தில் ஒரு இழை கனமாக விட்டுவிடுவார். கண்ணுக்குத் தெரியாது, கீழ் உதட்டுக்குத் தெரியும். இதிலும் இருந்தது.

"ஏங்க, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைப் பாருங்களேன்."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி, சீவாளியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகார ஊசியால் அடிப்பக்கத்துப் பூச்சை ஓரமாக ஒரு சுரண்டல். கடுகளவு சிவப்பு பெயர்ந்தது.

"அடியில நீலம்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், நீல நூலை நகப்பூச்சில் மறைத்த மகாராஜனை அன்றைக்குத்தான் பார்த்தாள். மாணவர்களும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கே சீவ வராது. அதுவரைக்கும் மனதுக்குள்ளும் அவரை 'அவர்' என்றுதான் நினைத்து வந்தாள். அந்த 'ர்' அன்றோடு போனது. அவளுக்குச் சேரவேண்டிய குயிலை அவளிடமிருந்து திருடி, சாயம் பூசி, 'நானே சீவினது' என்று அவளுக்கே தானம் கொடுத்திருக்கிறான். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள். இவன் பிள்ளையாரிடமே திருடிப் பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறான். வேறு ஒரு நல்ல சீவாளி அவன் கையில் இருந்தால்தானே அதைக் கொடுப்பான்? இந்த உதட்டுக்கு அடையாளம் தெரியும் என்று அவன் யோசிக்கவே இல்லை. கடையில் வாங்குகிறவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு.

"என்ன பண்ணப்போறே?" என்றார் கணவர்.

"இதை வெச்சுத்தான் வாசிக்கப்போறேன். இது என்னோடது."

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு ஒத்திகைக் கூடத்தில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் கோல்காரர், ஒரு பக்கம் அலுவலக மேலாளர், இன்னொரு பக்கம் பெரியவர். கொடுத்த தாளில் பதினாறு வரி. அதில் ஒன்பது வரி கீழ் சுரங்கள். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தாள். அவள் வாசித்தாள். ஒரு சுரம்கூட வெடிக்கவில்லை. கடைசிச் சுரத்தை மூச்சு தீரும்வரை இழுத்தாள், அது தீருவதாக இல்லை. மேலாளர் எதற்கென்று தெரியாமலே எழுந்து நின்று, பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

கோல்காரர் கோலைத் தாள்மேல் வைத்தார். "இது போன வருஷம் எங்கே இருந்துச்சு? என்ன மாத்தினீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "நான் ஒரு சீவாளி கொடுத்தேன் சார். என் கையால சீவினது. பாவம், எத்தனை நாளைக்குத்தான் கடைச் சரக்கை வெச்சு மாரடிப்பாங்க."

அவள் ஓபோவிலிருந்து சீவாளியை உருவினாள். மேசைக்குப் போய், கோல்காரரின் மூக்குக்கு முன்னால் வைத்து, நகத்தால் பூச்சைச் சுரண்டினாள். வெள்ளைத் தாள்மேல் சிவப்புத் துகள்கள் உதிர்ந்தன. நீல நூல் வெளியே வந்தது. பாதிக் குழாய் நீலமாகும்வரை சுரண்டினாள்.

"கடைல மாசம் மொதல் செவ்வாய்க்கிழமை வர்ற பெட்டி சார். போன வருஷத்துலேர்ந்து காலைல இவர் போய் ஒவ்வொண்ணா வாயில வெச்சுப் பார்த்து நல்லதை எடுத்துக்கறார். மிச்சத்தை நான் வாங்கி, உங்க முன்னாடி ஊதி, அவமானப்பட்டேன். வேணும்னா கடைக்காரனைக் கூப்பிட்டுக் கேளுங்க."

பெரியவரின் கழுத்தில் சிவப்பு ஏறியது. மிட்டாயை விழுங்கிவிட்டார்போலும்.

கோல்காரர் அந்தச் சீவாளியைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். பிறகு, சாமர்த்தியசாலிகள் பேசுகிற அந்த வழுவழுப்பான குரலில் பேசினார். "இதுல குத்தம்னு என்ன இருக்கு? கடையில வாங்கக் கூடாதுன்னு நம்ம விதியில இல்ல. நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க."

"வாங்கினதையா சார் நான் கேக்கறேன்? நானும்தான் வாங்கறேன். வாங்கறேன்னு சொல்லித்தான் வாங்கறேன்."

"சரி, சரி. யானைக்கும் அடி சறுக்கும். உங்க நாற்காலி உங்களுக்குத்தான், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா இந்த விஷயம் இந்த ரூமோட இருக்கணும். எழுபத்திரண்டு பேரும் இவர் கொடுக்குற சுரத்தைக் கேட்டுத்தான் சுதி சேர்த்துக்கறாங்க. அவர்மேல நம்பிக்கை போச்சுன்னா குழு என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை வரைக்கும் அமைதியா இருங்க. நான் சொல்றது புரியுதில்ல?"

புரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். வாயைத் திறந்தால் கையெழுத்து இல்லை.

வெளியே நடைகூடத்தில் பெரியவர் பின்னாலேயே வந்தார். "அக்கா, ஒரு நிமிஷம். எனக்குச் சீவ வராதுக்கா. பதினஞ்சு வருஷமா முயற்சி பண்றேன். முன்னாடி வேற ஒருத்தர் கட்டிக் கொடுத்துட்டு இருந்தார், போன வருஷம் நிறுத்திட்டார். வேற வழியில்லாமத்தான்..."

"வராதுன்னா வராதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? நான் சொல்லல? எனக்கு நாக்கு அழுகியா போச்சு?"

"முதல் நாற்காலிக்காரன் எப்படிக்கா சொல்றது?"

"ஒரு வருஷம். ஒரு வருஷமா எனக்கு மூச்சு போச்சுன்னு நினைச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து தோளைத் தட்டினியே, அப்ப கை கூசலையா?"

"உங்க மூச்சு போச்சுன்னு நான் சொல்லவே இல்லையேக்கா. நீங்கதான் சொன்னீங்க" என்றார் பெரியவர்.

அது உண்மை. அந்த உண்மைதான் அவளை வீடுவரைக்கும் துரத்தியது. பேருந்தில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். அவன் திருடினது சீவாளியை மட்டும்தான். மூச்சு போயிற்று, வயதாயிற்று என்று வீடு வீடாகப் போகாத குறையாக எழுபத்திரண்டு பேரிடமும் சொல்லித் திரிந்தது அவள்தான். தன்னையே தான் காட்டிக்கொடுத்தாள். யாரும் கேட்காத மன்னிப்பை எல்லோருக்கும் அள்ளி வழங்கினாள். அந்தக் கோபத்துக்கு முன்னால் பெரியவர்மேல் வந்த கோபம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் தட்டில் வைத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைக் கணவர் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன். ரெண்டே நாள்" என்றார்.

"ரெண்டு நாள் சும்மா இருந்தா, அப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் எட்டு வருஷமும் சும்மாதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓபோப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகைக் கூடத்தில் எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. கோல்காரர் மேடை ஏறினார். பெரியவர் சுதிச் சுரம் கொடுக்க ஓபோவை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார்."

"ஒத்திகை முடியட்டும்" என்றார் கோல்காரர். கோலை மெதுவாக ஆட்டினார். அவளுக்குப் புரிந்த ஆட்டம்தான்.

"முடியாது சார்." கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "போன வருஷம் பூரா உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து மன்னிப்புக் கேட்டேன். என் மூச்சு போச்சு, வயசாயிடுச்சுன்னு சொன்னேன். என் மூச்சு எங்கேயும் போகல. நல்ல சீவாளியை எல்லாம் இவர் முன்னாடியே போய் எடுத்துக்கிட்டு, கழிச்சுப் போட்டதை எனக்கு விட்டு வெச்சார். இவர் நூல்மேல இருக்கிற சிவப்பைச் சுரண்டிப் பாருங்க, அடியில கடை நூல்தான் இருக்கும். அதுக்காக நான் இவரை ஒண்ணும் கேக்கல. ஆனா உங்ககிட்ட கேட்ட மன்னிப்பை எனக்குத் திருப்பித் தரணும்."

புல்லாங்குழல்காரியின் பக்கம் திரும்பினாள்.

"புல்லாங்குழல், உன்கிட்ட கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன். அன்னிக்கு உன் தனி வாசிப்பைக் கெடுத்தது நான் இல்ல. அண்ணே, உங்ககிட்ட நாலு தடவை கேட்டேன், நாலையும் வாங்கிக்கறேன். கொம்பு நாலு பேர். செல்லோ ரெண்டு பேர்." ஒவ்வொருவராகக் கைநீட்டிக் காட்டினாள். "உங்ககிட்ட மூணு சார்" என்றாள் கோல்காரரிடம். புல்லாங்குழல்காரி அழ ஆரம்பித்திருந்தாள். பெருங்குழல்காரர், "எடுத்துக்கம்மா, எடுத்துக்க. நாங்கதான் கேட்டிருக்கணும்" என்றார்.

கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோல்காரர் போட்டுத்தான் கொடுத்தார். பெருங்குழல்காரர் தலைமையில் இருபத்தாறு பேர் அவர் அறை வாசலில் நின்றார்கள். நின்றிருக்காவிட்டால் என்ன செய்திருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அதெல்லாம் அன்று காலை அவளுக்குத் தெரியாது. நாற்காலி போயிற்று என்றே நினைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

கோல்காரர் தொண்டையைக் கனைத்தார். "சுதி" என்றார்.

பெரியவர் சுரம் கொடுத்தார். எழுபத்திரண்டு பேரும் அதைக் கேட்டார்கள், ஆனால் ஒரு வில்லும் நரம்பைத் தொடவில்லை. சுரம் நடுங்கியது, ஏறியது, இறங்கியது.

"சரியில்ல. மறுபடி கொடுங்க" என்றாள் அவள்.